டேங்க் இருந்த இடத்தில் டேங்க்

ஆவடிப் பக்கம் 'டேங்க்' என்று சொன்னால் ஆளுக்கு ஓர் அர்த்தம். தண்ணீர் லாரிக்குக் காத்திருப்பவர்களுக்கு அது மொட்டை மாடியில் நிற்கும் கறுப்பு டேங்க். என் மாமனார் உத்தமன் மாதிரி இங்கிருக்கிற ராணுவ டேங்க் ஃபாக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களுக்குப் பீரங்கி வைத்த யுத்த டேங்க். எனக்கு மீன் தொட்டி. இந்த மூன்றில் எது என்று கேட்காமலே அவர் தலையாட்டியதில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

"மாமா, ஹால்ல ஒரு டேங்க் வெக்கணும்னு ஆசையா இருக்கு. வெச்சுக்கட்டுமா?" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. எங்கள் பருத்திப்பட்டு வீட்டின் ஹால் சுவரில் அப்போது ஒரு ஷோகேஸ் இருந்தது. அதன் நடுவில், அவர் ஓய்வு பெற்ற அன்று கூட வேலை பார்த்தவர்கள் சேர்ந்து கொடுத்த பித்தளை டேங்க், பீரங்கிக் குழாய் வாசலைப் பார்த்தபடி நிற்கும். மருமகள் அதற்கு ஜோடி வாங்கப் போகிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

"இத்தப் போய் கேக்கணுமா? தாராளமா வெச்சுக்கோம்மா," என்றார்.

அடுத்த மாதம் மினி லாரியில் ஏழு அடி நீளக் கண்ணாடித் தொட்டி வந்தது. தெருவே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. தச்சர் ஞானசேகரன் வந்து ஷோகேஸைக் கழற்றி உள் அறைக்குக் கொண்டு போனார். அப்போதுதான் மாமாவுக்கு விஷயம் புரிந்தது. பித்தளை டேங்கைக் கையில் வைத்துக்கொண்டு நடு ஹாலில் நின்றார்.

"டேங்க எடுத்துட்டு டேங்க வெக்கிற," என்றார்.

கொடுத்த வாக்கை மாற்றுகிற மனுஷர் இல்லை அவர். அதற்காகச் சும்மா விடுகிறவரும் இல்லை. "சரி, சொன்னது சொன்னதுதான். ஆனா ஊட்டுக்கு வர்றவங்க பாத்தா லட்சணமா இருக்கணும். இல்லேன்னா உன் டேங்க் வெளிய, என் டேங்க் உள்ள," என்றார். அதற்கு நானும் ஒத்துக்கொண்டேன்.

என் பெயர் மதிவதனி. பூந்தமல்லியில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்கிறேன். "மேல் வரி தெரியுதா, கீழ் வரி தெரியுதா" என்று நாள் முழுக்கக் கேட்டுக் கேட்டு, பூந்தமல்லியில் யார் கண் எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று எனக்கு அத்துப்படி. என் கண்ணே என்னைக் கவிழ்க்கும் என்று யார் கண்டது.

நான் வளர்க்க ஆசைப்பட்டது மீனை அல்ல, பவளத்தை. பவளம் என்றால் மோதிரத்தில் பதிக்கிற கல் என்றுதான் எங்கள் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அது உயிர். தன் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசியைக் குடிவைத்து, அந்தப் பாசி வெளிச்சத்தில் சமைத்துப் போடுவதைச் சாப்பிட்டுப் பிழைக்கிற பிராணி. வெளிச்சம் சரியில்லை என்றால் அதன் வீட்டில் உலை ஏறாது. நம் கடலில் உடைத்து எடுப்பது குற்றம் என்பதால், வெளிநாட்டுப் பண்ணையில் வளர்த்து முறையான பேப்பரோடு வந்ததைத்தான் வாங்கினேன். வாங்கிக் கொடுத்தது திருவேற்காட்டில் வீட்டின் கீழ்த்தளத்தையே கடல் மீன் கடையாக்கி வைத்திருக்கும் விஷ்ணு.

வந்ததில் ஒன்றின் மேல் எனக்கு உயிர். அதற்கு டார்ச் என்று பெயர். நீளமான பச்சை விரல்கள், ஒவ்வொரு விரல் நுனியிலும் ஒரு தங்கப் பொட்டு, நீரோட்டத்தில் ஓயாமல் ஆடிக்கொண்டிருக்கும். "டார்ச்சுன்றா, ஆனா லைட்டு எரியலியே," என்று மாமா கிண்டல் செய்தார்.

அதற்கு முதல் விளக்கைக் கொடுத்ததே அவர்தான். விளையாட்டுத் திடலில் மாட்டுகிற ஃபோகஸ் லைட் இரண்டைத் தெரிந்தவர் ஒருவரிடமிருந்து வாங்கி வந்து தொட்டிக்கு மேல் கட்டினார். ஹாலில் ஊசி விழுந்தால்கூட வாசலில் நின்று பார்க்கலாம், அத்தனை வெள்ளை வெளிச்சம். மாமாவுக்குப் பரம திருப்தி. பவளங்களுக்கு இல்லை. கல்லெல்லாம் பச்சைப் பாசி படர்ந்து, வாங்கும்போது ஊதாவும் சிவப்புமாக இருந்தவை எல்லாம் சேற்று நிறத்துக்கு இறங்கின.

என் கணவர் கௌதம் பாடியில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறார். எதை வாங்கினாலும் பெரிதாக வாங்க வேண்டும் என்பது அவர் கொள்கை. பவளத்துக்கென்றே செய்த எல்.இ.டி. விளக்கில் கிடைத்ததிலேயே பெரியது ஒன்றை வாங்கி, தொட்டிக்கு நேர் நடுவில் தொங்கவிட்டோம். அது நீலமாக எரிந்தது.

"இன்னாம்மா இது, மார்ச்சுவரி மாதிரி கீது," என்றார் மாமா.

எனக்கும் மங்கலாகத்தான் தெரிந்தது. போனில் அதற்கென்று இருந்த ஆப்பைத் திறந்து வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டினேன். மாமா அடுத்த வாரமும் மங்கல் என்றார், மறுபடி கூட்டினேன். டார்ச் விரல்களைச் சுருக்கிக்கொண்டது. பாவம், பசியோ என்னவோ என்று இன்னும் கூட்டினேன். கடைசியில் விளக்கு முழு வேகத்தில் எரிந்தது. டார்ச் பச்சை போய், தங்கம் போய், சுண்ணாம்புக் கட்டி மாதிரி வெளுத்துப் போனது. தொட்டியின் இரண்டு ஓரங்களில் இருந்தவை மட்டும் அதே சேற்று நிறத்தில் கிடந்தன.

இந்த நேரம் பார்த்துத்தான் கௌதமின் தங்கை விஜிக்கு வரன் கூடி வந்தது. மாப்பிள்ளையின் அப்பா பரந்தாமன், மாமாவோடு ஃபாக்டரியில் ஒரே பட்டறையில் வேலை பார்த்தவர். ஆடி குறுக்கே வருவதால், ஆவணி முதல் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டுக்கே வந்து பெண்ணுக்குப் பூ வைக்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். வீடே சந்தோஷத்தில் மிதந்தது. மாமா மட்டும் தொட்டி முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"பரந்தாமன் வந்தா முதல் கேள்வியே உன் டேங்க எங்கன்னுதான் கேப்பான். அத்த முன்ன நின்னு வசூல் பண்ணிக் குடுத்ததே அவந்தான். உள் ரூம்ல போட்டுட்டேன்னு சொல்லிட்டு, இந்தச் சுண்ணாம்புக் கல்லைக் காட்டவா?"

அவரே முடிவையும் சொன்னார்.

"பூ வைக்கிறதுக்கு முந்தின நாளு ஞானசேகரன வரச் சொல்லிக்கீறேன். அதுக்குள்ள இது தேறலேன்னா அன்னிக்கே தொட்டி வெளிய போவுது. கோச்சுக்காத."

கோபித்துக்கொள்ளாமல் எப்படி? எனக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாக ரோஷம் வந்தது. என் தொட்டியை யாரும் தூக்க விடமாட்டேன் என்று அன்றைக்கே முடிவு செய்துகொண்டு விஷ்ணுவுக்குப் போன் போட்டேன்.

விஷ்ணு ஷேர் வேனில் வந்து இறங்கினான். கையில் நீளக் குச்சி ஒன்று, அதன் நுனியில் பொத்தான் அளவு ஒரு கண், மறுமுனையில் எண் காட்டும் சின்ன மீட்டர்.

"நம்ம கண்ணுக்குத் தெரியுற வெளிச்சத்த இது அளக்காதுக்கா. பவளத்துக்குச் சோறு ஆவுற வெளிச்சத்த மட்டும் அளக்கும்," என்றான்.

மீட்டர் என்ற வார்த்தையைக் கேட்டதும் மாமா நாற்காலியை விட்டு எழுந்தார். ஃபாக்டரியில் அவர் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்தவர். மருமகள் சொன்னால் நம்பமாட்டார், மீட்டர் சொன்னால் நம்புவார். அதிலும் முதலில் மீட்டரையே சோதித்தார். குச்சியை வாங்கி ஹால் டியூப்லைட்டுக்குக் கீழே பிடித்தார். கண்ணைக் கூச வைக்கும் அந்த டியூப்லைட்டுக்கு மீட்டர் போட்ட மதிப்பெண் முப்பதுகூட இல்லை. பிறகு குச்சியைத் தொட்டிக்குள் விட்டு, மார்ச்சுவரி வெளிச்சம் என்று அவர் பெயர் வைத்த நீலத்தின் கீழே, டார்ச்சின் தலைக்கு மேல் பிடித்தார். எண் அறுநூறைத் தாண்டி நின்றது.

குச்சியைத் துடைத்துவிட்டு மறுபடி பிடித்தார். அதே எண். மூன்றாம் தடவையும் அதேதான்.

"அப்போ என் கண்ணு பொய் சொல்லுதா?" என்றார்.

"எல்லார் கண்ணும்தான் மாமா. மஞ்சளும் பச்சையும்தான் நமக்குப் பளிச்சுனு தெரியும். நீலம் எவ்ளோ இருந்தாலும் மங்கலாத்தான் தெரியும்," என்று சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்திவிட்டேன். இதைப் படித்து, பரீட்சை எழுதி, நல்ல மார்க்கும் வாங்கியவள் நான். கண்ணால் காண்பதும் பொய் என்று ஊருக்கே தெரிந்த பழமொழி, கண்ணைப் படித்தவளுக்கு ஞாபகம் வரவில்லை.

"டார்ச்சுக்கு நூறு, நூத்தம்பது இருந்தாலே தாராளம்க்கா. நீங்க அத்த அடுப்புல போட்டு வறுத்துகினு கீறீங்க," என்றான் விஷ்ணு.

பட்டினி என்று நினைத்து ஊட்டி ஊட்டியே அதைச் சாகடிக்கப் பார்த்திருக்கிறேன். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது பவளத்துக்கும் பொருந்தும் போல.

அதற்குப் பிறகு வேலையை மாமா கையில் எடுத்துக்கொண்டார். மார்க்கரை எடுத்துத் தொட்டியின் முன்கண்ணாடியில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டார். ஒவ்வொரு கட்டத்திலும் குச்சியைப் பிடிக்கச் சொல்லி, வருகிற எண்ணைக் கண்ணாடி மேலேயே எழுதினார். எழுதி முடித்தபோது படம் தெளிவாகத் தெரிந்தது. நடுவில் நெருப்பு, ஓரத்தில் இருட்டு. ஓரத்தில் இருந்தவை சேற்று நிறத்தில் கிடந்தது ஏன் என்றும் அப்போதுதான் விளங்கியது.

"கௌதமு, இங்க வா," என்று மகனைக் கூப்பிட்டார் மாமா. "தெருவுல ஒரே கம்பத்துல எவ்ளோ பெரிய பல்பு மாட்டினாலும் தெருக்கோடில இருட்டுதான். கம்பத்தத் தள்ளித் தள்ளி நட்டாத்தான் தெரு பூரா வெளிச்சம். இது தெரியாம இம்மாம் பெருச வாங்கி நடுவுல தொங்க விட்டுக்கீற."

"கரெக்ட்டு நைனா. அதேதான்," என்றான் விஷ்ணு.

கௌதம் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

பெரிய விளக்கை விஷ்ணு தன் கடையின் ஆழமான தொட்டிக்கு எடுத்துக்கொண்டு, அதற்குப் பதிலாக நடுத்தர அளவில் மூன்று கொடுத்தான். வெளிச்சம் விரிந்து விழுகிற மாதிரி அகல லென்ஸ் வைத்தவை. ஏழு அடிக்கும் சமமாகப் பிரித்து, தண்ணீருக்கு மேலே ஓரடிக்கும் அதிக உயரத்தில் மூன்றையும் தொங்கவிட்டோம். ஒன்றின் வெளிச்சம் அடுத்ததன் வெளிச்சத்தோடு கலந்ததால் கல்லின் இடுக்குகளில்கூட நிழல் நிற்கவில்லை. நீலம் அதிகம், வெள்ளை கொஞ்சம். வெளுத்துப் போனதைத் திடீரென்று தேற்ற முடியாது, மிகக் குறைவில் ஆரம்பித்து வாரத்துக்குக் கொஞ்சமாகத்தான் ஏற்ற வேண்டும் என்று விஷ்ணு படித்துப் படித்துச் சொன்னான். எனக்கா பொறுமை? ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு சரி என்றேன். மீட்டரை மட்டும் மாமா திருப்பித் தரவில்லை. "இருக்கட்டும்பா, அப்புறமா வாங்கிக்கோ," என்று அதைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

மூன்று விளக்கையும் இயக்க, தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி, அதில் வட்டமாக ஒரு பொத்தான். வீட்டுக்கு எது புதிதாக வந்தாலும் பொட்டு வைப்பது என் மாமியார் கண்ணம்மாவின் வழக்கம். கிரைண்டருக்கும் வைப்பார், மோட்டாருக்கும் வைப்பார். அந்தப் பெட்டிக்கும் சந்தனம் குழைத்து, சரியாகப் பொத்தானின் மேலே குங்குமம் வைத்துக் கும்பிட்டார். "அத்தை, இனிமே இதுவும் சாமியா?" என்று கேட்டுச் சிரித்தேன்.

ஆவடிச் சூரியன் எப்படியோ அப்படியே விளக்குகளுக்கும் நேரம் குறித்தேன். காலையில் மெல்ல விடியும், மத்தியானம் உச்சி, சாயங்காலம் ஐந்தரைக்கு இறங்க ஆரம்பித்து ஏழு மணிக்கு இருட்டு. எல்லாம் ஆப் பார்த்துக்கொள்ளும்.

ஆனி மாதம் முழுக்க ஓரத்துப் பவளங்கள் ஒவ்வொன்றாக நிறம் பிடித்தன. ஊதா திரும்பியது, ஒரு கல்லில் சிவப்பு எட்டிப் பார்த்தது. டார்ச் மட்டும் அசையவில்லை. காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது லேசாக விரல் நீட்டப் பார்க்கும். ராத்திரி கடை அடைத்து வந்து பார்த்தால் சுருண்டு கிடக்கும். தண்ணீரைச் சோதித்தேன், உப்பைச் சோதித்தேன், எல்லாம் சரியாகவே இருந்தன. மாமா பகலில் மீட்டரைப் பிடித்துப் பார்த்து, எண் சொன்னபடிதான் இருக்கிறது என்றார். விஷ்ணுவுக்கும் புரியவில்லை. ஆடி பிறந்து தெருமுனை அம்மன் கோயிலில் கூழ் ஊற்ற மைக் செட் கட்டினார்கள். எனக்குக் காதில் எதுவும் ஏறவில்லை. ஞானசேகரன் வரப் போகிற சனிக்கிழமைதான் மனசில் ஓடிக்கொண்டிருந்தது.

அப்படி ஒரு நாள், பூந்தமல்லியில் திருவிழாவுக்காகக் கடைத்தெருவில் கரண்டை நிறுத்திவிட்டார்கள். இருட்டில் யாருடைய கண்ணைச் சோதிப்பது? முதலாளி சீக்கிரமே கடையை அடைக்க, ஆறு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

உள்ளே பூஜை அறையில் அத்தை விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு வந்தார். ஹால் டியூப்லைட் இரண்டையும் போட்டார். வாசல் லைட்டைப் போட்டார். பிறகு தொட்டிப் பக்கம் போய், பொட்டு வைத்த பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பொத்தானை அமுக்கினார். ஆப்பின் கணக்கைப் பொத்தான் மீறிவிட, அந்த நேரத்துக்கு மெல்ல மங்கிக்கொண்டிருந்த மூன்று விளக்கும் ஒரே வீச்சில் முழு வேகத்துக்கு எரிந்தன. என் கண் முன்னாலேயே டார்ச் மிச்ச விரல்களையும் உள்ளே இழுத்துக்கொண்டது.

"அத்தை, என்ன பண்றீங்க?" என்று நான் போட்ட சத்தத்தில் அவர் கையிலிருந்த தீப்பெட்டி விழுந்துவிட்டது.

"இன்னாடி, இப்டி பயமுறுத்துற?"

"அந்தப் பொத்தானத் தொடக் கூடாதுன்னு உங்களுக்கு யாரும் சொல்லலையா? தினமுமா அமுக்குறீங்க? இதத் தேத்துறதுக்கு நான் உசுர விட்டுக்கிட்டு இருக்கேன், நீங்க தினமும் அடுப்பு மூட்டுறீங்களா?" இன்னும் என்னென்னவோ கேட்டேன். வாய் எனக்குக் கொஞ்சம் நீளம்தான்.

அவர் கீழே குனிந்து தீக்குச்சிகளைப் பொறுக்கிக்கொண்டே பதில் சொன்னார். "வெளக்கு வெக்கிற நேரத்துல ஊட்ல எந்த வெளக்கும் மங்கக் கூடாது. லட்சுமி வர்ற நேரம். உன் பொட்டி என்னடான்னா அந்த நேரம் பாத்துதான் மங்கிகினே போவுது. பாத்துகினு சும்மா இருக்கச் சொல்றியா? விஜிக்குப் பூ வெக்கப் போற ஊடு இது. டிவில நாடகம் முடிஞ்சதும் திருப்பி அமுக்கிருவேன். நீ வர்றதுக்குள்ள சரியாத்தான் வெக்கிறேன்."

என் கோபம் பாதியில் நின்றுவிட்டது. மகளுக்கு நல்லது நடக்க வேண்டும் என்று ஒரு தாய் தினமும் விளக்கைத் தூண்டிவிட்டிருக்கிறார். அதில் என்ன தப்பு கண்டுபிடிப்பது? லட்சுமி வருகிற நேரத்தில் சூரியனை அணைக்கும்படி ஆப்பில் குறித்து வைத்தவள் நான்தான்.

அத்தை தொட்டியை நெருங்கிப் பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது. "இது என்னாலதான் வெளுத்துச்சா மதி?"

"முதல்ல வெளுக்க வெச்சது நான் அத்தை. நீங்க அதுக்கு மேல கொஞ்சம் சுண்ணாம்பு அடிச்சீங்க, அவ்ளோதான்," என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, எனக்கும் வந்தது.

சிரித்து முடித்ததும் யோசனையும் வந்தது. ஆவடிக்கு எப்போது விடிந்தால் தொட்டிக்கு என்ன? போனை எடுத்து, தொட்டியின் நாளையே தள்ளி வைத்தேன். இனி அங்கே மத்தியானத்தில்தான் விடியும், ராத்திரி பத்துக்கு மேல்தான் சாயும்.

"அத்தை, பவளத்துக்கு ஆவடி டைம் தெரியாது. இனிமே நீங்க விளக்கு வைக்கிற நேரத்துல இதுக்கு உச்சி வெயில். மங்கவே மங்காது."

"மங்காதில்ல?"

"மங்காது."

"எனக்கு அது போதும்," என்றார். அன்றிலிருந்து அந்தப் பெட்டிக்கு அவர்தான் காவல். தூசி தட்டுகிறேன் என்று பக்கத்தில் போன கௌதமைக்கூட, "கைய வெச்ச, சோறு கெடையாது," என்று விரட்டிவிட்டார்.

ஆடி மாதம் யாருக்கு ஆகாதோ, எனக்கும் டார்ச்சுக்கும் அமோகமாக ஆகிவந்தது. முதல் வாரம் சுருண்டது சுருண்டபடி இருந்தது. அடுத்த வாரம் விரல்கள் ராத்திரி வரை நீண்டே இருந்தன. பிறகு வெள்ளைத் தோலில் காப்பித்தூள் தூவியது போல ஒரு நிறம். நான் பயந்துபோய் விஷ்ணுவுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். "பாசி குடி வந்துடுச்சுக்கா, இனிமே உங்க ஆளு பொழச்சுக்கும்," என்று பதில் வந்தது. பஸ்ஸில் நின்றுகொண்டே அதைப் படித்தேன். பக்கத்தில் இருந்த ஓர் அம்மா, என்னம்மா விசேஷம் என்று கேட்கிற அளவுக்குச் சிரித்திருக்கிறேன்.

விளக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினோம். ஏற்றுகிற ஒவ்வொரு தடவையும் மாமா மீட்டரோடு வந்து, கட்டம் கட்டமாகப் பார்த்து, "ம், போதும், நிறுத்து," என்பார். ஆடி முடியும்போது விரல்களில் பச்சை ஏறியிருந்தது. ஆவணி பிறந்த வாரத்தில் ஒரு நுனியில் தங்கப் பொட்டு தெரிந்தது, அதைப் பார்த்துப் பார்த்து மற்ற நுனிகளும் வைத்துக்கொண்டன.

அந்தச் சனிக்கிழமை ஞானசேகரன் கருவிப் பையோடு வந்து நின்றார். மாமா தொட்டி முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"விசேஷம் முடியட்டும். திங்கக்கெழம வா, பாத்துக்கலாம்," என்று அவரை அனுப்பிவிட்டு உள்ளே போய்விட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நல்லா கீது என்று ஒரு வார்த்தை சொன்னால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்? தூக்கவும் சொல்லவில்லை, இருக்கட்டும் என்றும் சொல்லவில்லை. அன்று ராத்திரி நான் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வேனில் வந்து இறங்கினார்கள். தட்டுகளும் பழங்களும் பூவும் ஹாலை நிறைத்தன. பரந்தாமன் செருப்பைக் கழற்றும்போதே கேட்டுவிட்டார்.

"இன்னா உத்தமா, உன் டேங்க எங்க? செவுத்துல காணமே."

"வந்ததும் வராததுமா டேங்கா? உள்ள வா, காட்றேன்," என்று மாமா அவரை உட்கார வைத்தார்.

விஜிக்குப் பூ வைத்தார்கள். பெண்கள் குலவை போட்டார்கள். விஜி வெட்கப்படுவது போல நன்றாகவே நடித்தாள். நானும் தட்டு எடுத்துக் கொடுத்து, காபி கொடுத்து, ஓடிக்கொண்டிருந்தேன். எல்லாம் முடிந்து வெளியே பொழுது சாய்கிற நேரத்தில், பரந்தாமன் தம்ளரோடு எழுந்து தொட்டிப் பக்கம் போனார். குனிந்தார், நிமிர்ந்தார், கண்ணைச் சுருக்கினார்.

"இன்னாமோ கீது, ஒண்ணியும் சரியாத் தெரியலப்பா. டியூப்லைட்டு கண்ணாடில அடிக்குது. என் மூஞ்சிதான் தெரியுது," என்றார்.

பூஜை அறையில் விளக்கேற்றிவிட்டு அத்தை அப்போதுதான் ஹாலுக்குள் வந்தார். மாமா நாற்காலியிலிருந்து எழுந்தார். நேராகச் சுவிட்ச் போர்டுக்குப் போனார். ஒரு டியூப்லைட்டை அணைத்தார். அடுத்ததையும் அணைத்தார். வாசல் லைட்டையும் விடவில்லை.

"கரண்டு பூட்ச்சா?" என்று யாரோ கேட்டார்கள்.

ஏழு அடிக்கும் தொட்டி எரிந்தது. ஊதா, சிவப்பு, ஆரஞ்சு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஓரிடத்தில்கூட இருட்டு இல்லை. நடுவில் என் டார்ச், விரல் விரலாக விரிந்து, அத்தனை நுனியிலும் தங்கத்தை ஏற்றிக்கொண்டு ஆடியது. பூ வைத்துக்கொண்ட விஜியின் முகத்தில் அந்த நீலம் விழுந்தது. மாப்பிள்ளை தொட்டியைப் பார்க்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குச் சத்தம் போட்டுக் கத்த வேண்டும் போல இருந்தது. சம்பந்தி வீட்டார் இருந்ததால் முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

முதலில் சுதாரித்தது அத்தைதான். "ஏங்க, வெளக்கு வெக்கிற நேரத்துல லைட்ட அணைக்கிறீங்களே," என்று பதறினார்.

"அணைக்கலடி. வெளக்கு வெச்சுகீது பாரு," என்றார் மாமா.

அத்தை பார்த்தார். மெல்லக் கையெடுத்துக் கும்பிட்டார். அவர் கும்பிடவும், மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் எதற்கென்று தெரியாமலே சேர்ந்து கும்பிட்டார்கள்.

பரந்தாமன் காபியை மறந்துவிட்டார். "நான் பித்தள டேங்க கேட்டா, நீ இன்னாத்தையோ காட்ற. இது இன்னாது உத்தமா?"

"இதான்டா என் டேங்க்," என்றார் மாமா.

அதோடு விட்டாரா? உள்ளே போய் மீட்டரை எடுத்துவந்து, குச்சியைத் தொட்டிக்குள் விட்டு, நீலம் ஏன் கண்ணுக்கு மங்கலாகத் தெரியும், ஒரு பெரிய விளக்கை விட மூன்று நடுத்தர விளக்கு ஏன் நல்லது என்று பரந்தாமனுக்குப் பாடமே நடத்தினார். அது என் டேங்க் என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு, போகட்டும் என்று விட்டுவிட்டேன். பாடத்தின் நடுவில் ஒரு தடவை, "எல்லாம் மருமக செட்டிங்கு," என்று அவர் என் பக்கம் கையைக் காட்டினார். முத்து ஒன்றும் உதிர்ந்துவிடவில்லை.

திங்கட்கிழமை ஞானசேகரன் வந்து ஷோகேஸை எதிர்ச் சுவரில் மாட்டினார். பித்தளை டேங்கை மாமாவே அதற்குள் வைத்தார். அதன் பீரங்கி இப்போது வாசலைப் பார்ப்பதில்லை, என் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. காவலுக்காம்.